கோபத்தைக் கவனித்த விதம்

தியானத்தில் என் தேர்ச்சி என்னவென்றால், கண்ணை மூடிய மூன்றாவது நிமிடத்தில் குறட்டை. அப்படிப்பட்ட என்னைத்தான் கொடைக்கானலில் ஒரு ரிசார்ட்டில் மொழிபெயர்ப்பாளராக வைத்திருந்தார்கள். புத்தரின் தியானத்தையும் மேல்நாட்டு மனச்சிகிச்சையையும் ஒரே குக்கரில் ஏற்றி விசில் விடும் டாக்டர் ஒருவர் அங்கே வந்து தங்கியிருந்தார். விருந்தாளிகளுக்குக் கட்டண வகுப்பு. ஊழியர்களுக்கு வாரம் ஒருநாள் இலவசம். அவருக்குத் தமிழ் வராது. நான் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார்.

ஐந்தாவது வாரம், அறைகளைக் கூட்டித் துடைக்கிற, பக்கத்துப் பேத்துப்பாறை ஊர்க்காரம்மா வாயைத் திறந்தார். மகளுக்குக் காதில் ஆபரேஷன், வியாழக்கிழமை மதுரையில். மூன்று தடவை லீவு கேட்டும் சூப்பர்வைசர் தரவில்லை. "அந்தாளப் பாத்தாலே நெஞ்சு எரியுதுங்க."

டாக்டர் உருகிப்போனார். கோபமும் மேகம் மாதிரிதான், வரும் போகும், தள்ளாதீர்கள், தீர்ப்புச் சொல்லாமல் கவனியுங்கள் என்றார். நான் சுருக்கினேன்: "கோபம் வந்தா அமுக்காதீங்கம்மா. கவனிங்க."

அந்த அம்மா யோசித்தார். "நானே கவனிக்கணுங்களா, இல்ல ஆளு யாரையாச்சும் கூட்டிட்டுப் போகவா?"

"நீங்களேதான். பக்கத்துல ஆளே வேணாம்" என்றேன், ஞானி மாதிரி.

முப்பது வருஷம் இலக்கணம் நடத்தியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் விருந்தாளியைக் கவனித்தால் சோறு போடுவது. ஆபீசரைக் கவனித்தால் மேசைக்கு அடியில் கொடுப்பது. 'உன்னைக் கவனிச்சுக்கிறேன்' என்றால் அன்றைக்கு அவன் வீட்டுக்கு முழுசாகப் போக மாட்டான்.

மறுநாள் வெள்ளனே, விருந்தாளிகள் டாக்டர் சொன்னபடி மௌனமாக இட்லியை உணர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். பக்கத்தில் துணி அடுக்குகிற அறையின் வாசலை மறித்துக்கொண்டு அந்த அம்மா சூப்பர்வைசரைக் கவனித்தார்.

"ஏலே, ஒன் பிள்ளைக்குக் காதுல சீழ் வடிஞ்சா இப்படித்தான் ரூம் நம்பர் சொல்லிக்கிட்டு நிப்பியாலே?"

அதற்கு மேல் அவர் சொன்னதை அச்சில் போட முடியாது. தமிழ் தெரியாத விருந்தாளிகளும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்களாம்.

பதினோரு மணிக்கு மேனேஜர் அறையில் விசாரணை. அந்த அம்மாவை வேலையை விட்டு நிறுத்த மேனேஜர் பேப்பர் தயாராக வைத்திருந்தார். டாக்டர் அந்த அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, இவருக்குப் பயிற்சி போதவில்லை, இன்னும் எட்டு வாரம் உட்காரட்டும் என்றார். இதையும் நான் மொழிபெயர்க்க வேண்டுமாம்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "தப்பு என்னுது. நான்தான் கவனிக்கச் சொன்னேன்" என்றேன். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, அவருடைய இங்கிலீஷிலேயே கேட்டேன்: "இவங்களுக்கு ஒரு நோயும் இல்ல சார். லீவு இல்ல. லீவு தராத ஆளு அடுத்த ரூம்ல உக்காந்திருக்கார். அவரை ஏன் ஒருநாள்கூட மூச்சு விடச் சொல்லல?"

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "இது உங்கள் கோபம் பேசுகிறது."

"என்னுதுதான். எழுதிக்குங்க."

வீரவசனம் பேசினால் எனக்கு உடனே மூக்கு ஒழுகும். துடைக்கக் கைக்குட்டை தேடிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா குறுக்கே வந்தார்.

"நீங்க மூணு பேரும் கண்ண மூடி உக்காந்து பேசிக்கங்க சாமி. எனக்கு ரெண்டு ரூம் பாக்கி கெடக்கு. வியாழக்கிழமை லீவு உண்டா இல்லையா, வெரசா சொல்லுங்க."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே காலை உணவுக்காரர்களில் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அவர்களைப் பார்த்தார். நிறுத்தும் பேப்பரை ஓரம் தள்ளிவிட்டு, லீவுச் சீட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா மூடியைக் கழற்றுவது உட்பட அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

என்னை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. அதில் வருத்தமில்லை. அந்தக் கையெழுத்து அரை நிமிஷ வேலை. அதைச் செய்யாமல், ஐந்து வாரம் அந்த அம்மாவுக்கு மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதையெல்லாம் தமிழில் சொன்னவன் நான்.