பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதை இல்லை. எனக்குக் கதை கட்டத் தெரியாது. முப்பத்தொரு வருஷமாக அடுத்தவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறவள் நான். பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் கட் என்று எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும். இது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. ஜன்னல் திறந்திருந்தது. தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பத்துக்கு ஆரம்பித்து மூன்று முப்பத்தெட்டுக்கு முடிந்தது. நிமிஷக் கணக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. முப்பத்திரண்டு வயதில் கணவரை இழந்தவர். ஐந்து, மூன்று, ஒன்று என்று படிக்கட்டு மாதிரி மூன்று பிள்ளைகள். கையில் ஒரு வாளி, ஒரு துணி பிரஷ். அதை வைத்துக்கொண்டு அண்டை வீட்டுத் துணிகளைத் துவைக்க ஆரம்பித்தவர், பத்தே வருஷத்தில் சொந்தமாகச் சலவைக்கடை போட்டார். கடையில் எல்லோரும் அவரை ‘மேனேஜர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைக் காலரைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். “இவன் பொண்டாட்டிகிட்ட பொய் சொல்றவன்” என்பார். பத்தில் எட்டு தடவை சரியாக இருக்கும். அறுபத்தெட்டு வயதில் ஸ்கூட்டர் கற்றுக்கொண்டு, முதல் நாளே எங்கள் கடை ஷட்டரில் கொண்டுபோய் மோதினார். எண்பத்தொன்றில், என் பிள்ளை கல்யாணத்தில் ஒரு ஆட்டம் போட்டு இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். “போனா போகுது, நல்ல பாட்டு” என்றார் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே.

அதன்பிறகு ஆறு வருஷம் படுக்கைதான். அவருடைய அறைக்கும் நாங்கள் தேய்க்கும் அறைக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர். அவர் கட்டில் அந்தப் பக்கம், என் இஸ்திரி மேசை இந்தப் பக்கம். அந்தப் பழைய துணி பிரஷின் கட்டையால் சுவரில் தட்டுவார். அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு தரம் தட்டினால், ‘தப்பா சொல்றே’. நாங்கள் இங்கே வம்பளந்துகொண்டிருப்போம், விவரம் பிசகினால் அங்கிருந்து ‘டக்’ என்று வரும். இரண்டு தரம் என்றால் தண்ணீர். மூன்று தரம் என்றால், ஓடி வா.

அந்த மூன்றைத்தான் அத்தை பாழாக்கினார். அலறியடித்துக்கொண்டு ஓடினால், “காக்கா ஒண்ணு என்னையே பாக்குது, யாரோட ஆளுன்னு தெரியல” என்பார். ஒருநாள் ஒரு ஜோக் சொல்லக் கூப்பிட்டார். இன்னொரு நாள் என் முகத்தைப் பார்க்கத்தான் கூப்பிட்டதாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். அம்மாவைவிட அவரை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் நாளடைவில், மூன்று தட்டுக்கு மெதுவாகப் போகிற பழக்கம் எங்கள் எல்லோருக்கும் வந்துவிட்டது.

அவர் இறந்துபோன அந்த வியாழக்கிழமை, காலையிலிருந்து நான்கு தடவை ஓடியிருந்தேன். மத்தியானம் ஒரு ஹோட்டலுக்கு நூற்றிருபது படுக்கை விரிப்பு கொடுத்தாக வேண்டும். கடையில் நான் மட்டும். மூன்று இருபதுக்கு மூன்று தட்டு. போகவில்லை. மறுபடி மூன்று. “வரேன் அத்தை, சும்மா இருங்க!” என்று கத்திவிட்டு ஸ்டீமைத் திறந்துவிட்டேன். அது உறுமினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

மூன்று நாற்பதுக்கு உள்ளே போனேன். அத்தை போயிருந்தார்.

கண் மூடியிருந்தது. பிரஷ் தரையில் இரண்டு துண்டாகக் கிடந்தது. கை நழுவி விழுந்து உடைந்திருக்கும் என்று நினைத்தேன். எல்லோரிடமும், “தூக்கத்துலயே போயிட்டாங்க, ஒரு சத்தம் இல்ல” என்று சொன்னேன். என் கணவர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாரத்தைத் தாண்டினார். பிரஷின் இரண்டு துண்டையும் அத்தையோடே அனுப்பிவைத்தோம்.

ஒரு மாதம் ஆயிற்று. சொந்தக்காரர்கள் கூடி அவரை நினைத்துப் பேச ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. அதில் போட்டுக் காட்ட ஆளுக்கு ஒரு ஞாபகத்தைச் சொல்லிப் பதிவு செய்யலாம் என்றது என் கொழுந்தன். கடைக்கு லீவு. அவர், நாத்தனார், நான், என் கணவர், நாலு பேரும் அத்தையின் அறையில் உட்கார்ந்தோம். கொழுந்தன் போனைத் தலையணைமேல் வைத்து ரெக்கார்டிங்கை அழுத்தினார். மணி இரண்டு பத்து.

என் கணவர் ஸ்கூட்டர் கதையை எடுத்தார். “அப்ப அம்மாவுக்கு எழுபத்தொண்ணு…”

டக்.

பலகைச் சுவர். தெளிவாக, ஒரே ஒரு தட்டு.

நாத்தனார் சிரித்துவிட்டாள். “அறுபத்தெட்டுண்ணா. மேனேஜருக்குக் கோபம் வந்துடுச்சு பாரு.” எல்லோரும் சிரித்தோம். பலகை வெயிலுக்கு விரியும், சத்தம் வரும் என்றார் என் கணவர். நானும் தலையாட்டினேன்.

இரண்டு முப்பத்தைந்து. நாத்தனார் பேசினாள். “அப்பா செத்தப்ப எனக்கு மூணு வயசு. அம்மா ஒரு சொட்டுக்கூட அழலையாம்…”

டக்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது.

தட்டு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். நாங்கள் அத்தையின் பக்கம் இருந்தோம். சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. நான் தினமும் நின்று தேய்க்கிற இடத்திலிருந்து.

கொழுந்தன் எழுந்தார். “எலியா இருக்கும். பாத்துட்டு வரேன்.” தேய்க்கும் அறையின் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் மேசை வரை வந்து நின்றது.

டக்.

“அண்ணி!” சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல். “எதுக்கு அங்கேருந்து தட்டுறீங்க?”

நாங்கள் யாரும் தட்டவில்லை.

திரும்பி வந்து வாசலிலேயே நின்றார். “அங்க ஒண்ணுமில்ல. ஆனா மேசை… வெதுவெதுன்னு இருக்கு.”

மேசைக்குச் சூடும் ஸ்டீமும் கொடுக்கிற பாய்லரை நான்தான் சனிக்கிழமை அணைத்தேன்.

“போதும், நிறுத்திடலாம்,” என்றேன். என் கணவர் கேட்கவில்லை. அம்மா பக்கத்தில் இருப்பதாக அவர் நினைத்துவிட்டார். அவருக்குப் பயமே இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

“கடைசி நாளை நீ சொல்லு. நீதானே பக்கத்துல இருந்தே,” என்றார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பதினெட்டு.

சொன்னேன். “அத்தை… தூக்கத்துலயே…”

டக்.

என் கணவர் என்னைப் பார்த்தார்.

“ஒரு சத்தமும்… இல்ல…”

டக்.

அவர் பார்வையை எடுக்கவே இல்லை.

மூன்று இருபது.

டக். டக். டக்.

கொழுந்தன் சுவரைவிட்டுப் பின்வாங்கினார்…

டக். டக். டக்.

“தட்டினாங்களா?” என்று கேட்டார் என் கணவர். குரல் சின்னப் பையன் குரலாக இருந்தது.

“தட்டினாங்க,” என்றேன். “ரெண்டு தரம். மூணு மூணா. நான் போகல. சும்மா கூப்பிடுறாங்கன்னு நினைச்சேன்… என்னை மன்னிச்சிடுங்க.”

ஒரு மாதம் தொண்டையில் கிடந்த முள் வெளியே வந்துவிட்டது. இனி தட்டு வராது என்று நினைத்தேன். உண்மையைத்தானே சொன்னேன்?

டக்.

ஒரே ஒரு தட்டு.

தப்பு.

நாத்தனார்தான் முதலில் ஓடினாள். அவள் பின்னாலேயே நாங்கள் மூவரும். தெருவுக்கு வந்த பிறகுதான் என் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது. பந்து விளையாடிய பிள்ளைகள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். என் கணவர் என்னிடமிருந்து பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று எனக்குப் புரியவே இல்லை.

நாலு மணிக்கு மேல் கொழுந்தன் மட்டும் தைரியமாக உள்ளே போய்த் தலையணைமேல் இருந்த போனை எடுத்துவந்தார். ரெக்கார்டிங் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் நாலு பேரும் நாத்தனார் வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டோம். எங்கள் பேச்சு, சிரிப்பு, தட்டு, என் வாக்குமூலம், நாற்காலி கவிழ்வது, நாங்கள் ஓடுவது. கதவு அடித்துக்கொள்கிறது. பிறகு அமைதி.

பிறகு, டக். டக். டக்.

அறையில் யாரும் இல்லை. டக். டக். டக்.

அது நிற்கவில்லை. ரெக்கார்டிங் ஆரம்பித்த இரண்டு பத்திலிருந்து மணியைக் கணக்குப் போட்டுக்கொண்டே கொழுந்தன் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். எங்கே நிறுத்தினாலும் அதே மூன்று. மூன்று இருபத்தைந்து… இருபத்தெட்டு… முப்பது…

ரெண்டு தரம் இல்லை. ஸ்டீமின் உறுமலில் எனக்குக் கேட்காமல் போனது எல்லாம் அதில் இருந்தது.

மூன்று முப்பத்துநாலில் ஏதோ முறிகிற சத்தம். மரம் முறிகிற சத்தம்.

அதன் பிறகும் தட்டு வந்தது. ஆனால் அது கட்டைச் சத்தம் இல்லை. மெதுவாக, மழுங்கலாக… வேறு எதாலோ தட்டுகிற சத்தம். மூன்று, மூன்றாக.

மூன்று முப்பத்தெட்டில் இரண்டு தட்டு மட்டும் வந்தது. மூன்றாவதற்குக் காத்திருந்தோம். வரவில்லை.

என் கணவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிடுகிறார், கடைக்கு வருகிறார், ஸ்டீமை மட்டும் திறக்க விடுவதில்லை.

அன்று நாத்தனார்தான் பேசினாள். அத்தையின் உடம்பைக் குளிப்பாட்டியது அவள். என்னைப் பார்க்காமல், தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அம்மாவோட விரல் முட்டியெல்லாம் தோலு உரிஞ்சி ரத்தம் கட்டியிருந்துச்சு, அண்ணி. கட்டில் கம்பியில உரசின காயம்னு நினைச்சு, நான் துடைச்சு விட்டுட்டேன்.”