மூன்று மாதம் மறைந்திருந்த மஞ்சள் கோடு

போன செவ்வாய்க்கிழமை எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டிலிருந்து போன். மேனேஜர் பேசினார். "சார், நீங்க போட்ட கேமரா வீடியோவை ஒருத்தர் ஒத்துக்க மாட்டேங்கிறார். நேர்ல வந்து சொல்லிட்டுப் போங்க."

உங்களுக்குத்தான் தெரியுமே, எழுதுவது வாரத்தில் ஒரு நாள். மற்ற நாளெல்லாம் காலடிப்பேட்டையில் நாலு பேர் ஆபீஸில் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறேன். கேமரா படத்தைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, திரும்ப ஓட்டிக் காட்டுகிற கார்டுதான் எங்கள் சரக்கு.

போனேன். ஒத்துக்கொள்ளாதவர் காதர் பாய். தண்டையார்பேட்டைக்காரர், டிரெய்லர் ஓட்டுகிறார். முந்தின நாள் அவர் வண்டியில் பட்டு கேட்டின் தடுப்புக் கம்பம் உடைந்துவிட்டது. மஞ்சள் கோட்டில் நின்று, பிறகுதான் உள்ளே வரவேண்டும் என்பது யார்டு ரூல். நிற்காமல் வந்தார் என்கிறது செக்யூரிட்டி. பாஸைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் முடிவு. பாஸ் போனால் இனி அங்கே அவருக்கு லோடு கிடையாது.

"நா கோட்டுல நின்னேன் சார். நல்லா நின்னேன். கம்பம் மேல கீது, சரின்னு வண்டிய எடுத்தேன். பாதி உள்ள போறப்போ செக்யூரிட்டி எறக்கிட்டான். நா நின்னத உன் வீடியோ இன்னாத்துக்கு காட்ட மாட்டுது?"

வீடியோவைப் போட்டார்கள். காலி ரோடு, தூக்கிய கம்பம்... திடீரென்று படத்தின் கீழ் விளிம்பிலிருந்து டிரெய்லர் முளைத்து ஓடியது. நின்ற அறிகுறியே இல்லை.

"மஞ்சள் கோடு எங்கே?" என்று கேட்டேன்.

கேட்டு முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. அது எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

மூன்று மாதம் முன்னால் இதே யார்டிலிருந்து ஒரு கம்ப்ளெயின்ட். படத்தின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சைப் பட்டை தெரிகிறதாம். அவசரமாம். நான் என்ன செய்தேன்? அந்த இரண்டு விரலை வெட்டிவிட்டு, மீதியைத் திரை முழுக்க இழுத்துக் காட்ட வைத்தேன். பட்டை போச்சு. "சூப்பர் சார்" என்று பாராட்டு வேறு!

சுவரில் ஓதம் ஏறினால் அந்த இடத்தில் காலண்டரை மாட்டுகிற ஆட்கள்தானே நாம்?

அங்கேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். விஷயம் சின்னது. படத்தை ஓட்டும் ப்ளேயர், "ஒரு ஃப்ரேமுக்கு எவ்வளவு பெரிய பாத்திரம் வேண்டும்?" என்று டீகோடர் டிரைவரிடம் கேட்கும். டீகோடர் என்பது பதிவைத் திரும்பப் படமாக்கும் சிப்; டிரைவர் என்றால் இங்கே, அந்தச் சிப்பை இயக்கும் சாஃப்ட்வேர். பாத்திரத்துக்குப் பெயர் பஃபர். படத்தின் அகலம் 720 புள்ளி. அதற்குத் தகுந்த அளவைத்தான் என் டிரைவர் சொன்னது. சிப்போ ஒவ்வொரு வரியையும் 768 புள்ளியாகத்தான் நிரப்பும். பாத்திரம் பத்தவில்லை. கடைசி வரிகள் வெளியே நின்றுவிட்டன. வராத இடம்தான் பச்சை. பதிவில் எல்லாம் பத்திரமாக இருந்தது, காட்டும்போதுதான் குறைந்தது.

சரியான அளவைச் சொல்ல வைத்தேன். வெட்டியதையும் எடுத்தேன். மொத்தம் நாலு வரித் திருத்தம் — அதிலேயே இரண்டு தடவை தப்பாக அடித்தேன். பயம்தான். பாய் நிற்காமல் வந்திருந்தால்? அவரைக் காட்டிக் கொடுப்பதும் நானாகத்தானே இருப்பேன்?

ஓட்டினோம்.

படத்தின் அடியில் மஞ்சள் கோடு. அதை ஒட்டி டிரெய்லரின் முன்பக்கம், அசையாமல். மேனேஜர் வாய்விட்டு விநாடி எண்ணினார். பதினொன்று வரை வந்தார். பிறகு வண்டி நகர்ந்தது, கம்பம் இறங்கியது.

மேனேஜர் டிராயரைத் திறந்து பாஸை நீட்டினார். பச்சைப் பட்டை, அளவுக் கணக்கு எல்லாவற்றையும் சொல்லி, சாரி கேட்டது நான் மட்டும்தான்.

"அப்போ அளவு தப்பா சொன்னது உன் சாஃப்ட்வேரு?" என்றார் பாய்.

"ஆமா பாய்."

"பச்சையா தெரிஞ்சப்போ அத மூடி வெச்சது?"

"நான்தான் பாய்."

"நிக்கவே இல்லன்னு சொல்லி என் பாஸ புடுங்கினாங்க. உன்னுது எங்க? குடு."

கையை நீட்டினார். சிரிக்கவில்லை. சட்டையில் குத்தியிருந்த விசிட்டர் பாஸைக் கழற்றிக் கொடுத்தேன். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வண்டியேறிப் போய்விட்டார்.

பாஸைத் திருப்பித் தராமல் வெளியே விடமாட்டேன் என்றது செக்யூரிட்டி. இருபது நிமிஷம் கேட்டிலேயே நின்றேன்.

கேமராவில் முழுசாகப் பதிவாகியிருக்கும்!