மூலையார்

வயது ஐம்பத்தொன்று, அதில் பாதி ஏணியின் மேல் கழிந்தது. ஏறியதும் வலது கைச் சுண்டுவிரலைச் சுவரில் ஊன்றிக்கொள்வார். இடுக்கை மூடும் பட்டி மாவைப் பூசுகிற தகடு பிறகுதான் நகரும்.

கூரை ஜிப்சம் பலகை. சுவர் பழைய சிமெண்டுப் பூச்சு. இரண்டும் சேரும் இடத்தில் நூல் பருமனுக்காவது ஓர் இடைவெளி வாய் திறந்து நிற்கும். காகித டேப்பை நீளவாக்கில் மடித்து அந்த மூலையில் அழுத்தி, இருபுறமும் பட்டியை இழைத்துவிட வேண்டும். "பலகை ஒரு வீடு, பூச்சு ஒரு வீடு. சம்பந்திங்க மாதிரி. உள்ள இருக்கிற சண்டை வெளிய தெரியாம பூசி வைக்கணும்" என்பார். கழுத்து ஒடிகிற வேலை. மற்றவர்கள் நழுவுவார்கள், இவர் கேட்டு வாங்குவார். பெயரே மூலையார் ஆகிவிட்டது.

உண்மைக் காரணம் வேறு. ஒரு வருடமாக வலது கை நடுங்குகிறது. மூலையில் சாய்த்துக்கொள்ளச் சுவர் இருக்கிறது. நடுக்கூரையில் வெறும் காற்றுதான்.

டீ வந்தால் அரை டம்ளர்தான் வாங்குவார், அதையும் இரு கைகளாலும்.

"என்ன மூலையாரே, டம்ளர் பறந்துடுமா?" என்பான் பெயிண்டர்.

"கைக்குச் சூடு வேணாமாப்பா?" என்று சிரிப்பார்.

வீட்டில் சட்டைப் பொத்தானை மாட்டிவிடுவது மனைவி. "டாக்டர்கிட்ட போவோம். தம்பிகிட்ட நானே பக்குவமா சொல்றேன்." மேஸ்திரி அவளுடைய தம்பிதான்.

"வாயத் திறந்துடாதே தாயே. கை ஆடுதுன்னு தெரிஞ்சா எவன் என்னை ஏணியில ஏத்துவான்?"

இன்று மாலை மைத்துனன் வந்தான். செல்போன் விளக்கைக் கூரையோடு ஒட்டிப் பிடித்து மூலை நெடுகக் கொண்டுபோனான். மேடு பள்ளம் இருந்தால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். நிழலே விழவில்லை.

"அடேங்கப்பா! அத்தான், இந்தக் கையைப் போய் மூலையில முடக்கி வெச்சிருந்தேனே! இனிமே மூலைக்கு ரெடிமேட் பார்டர் ஒட்டிக்கலாம். நடு சீலிங் பூரா நீங்கதான்."

"அதுக்கென்ன மாப்ள, செஞ்சுடலாம்."

சொல்லிவிட்டு வலது கையை மணிக்கட்டு வரை பட்டி வாளிக்குள் விட்டுக் கலக்கத் தொடங்கினார். பட்டி ஏற்கெனவே கலந்துதான் இருந்தது.

நாளைக் காலை சாரம் ஹாலின் நடுவுக்கு நகர்கிறது.