வலது கையில் பிடித்த கொடி

என் மகளைப் பள்ளி விளையாட்டு விழாவில் கொடி பிடிக்க நிறுத்தப் போகிறார்களாம். பாலர் வகுப்புக் குழந்தை. மைதானத்தின் ஒரு மூலையில் நின்று, பெரிய பிள்ளைகள் ஓடி வரும்போது கொடியை ஆட்ட வேண்டும், அவ்வளவுதான். திருவெறும்பூர் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசைத் தாய்மார்கள் எல்லோரும் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் டீச்சரிடம் இரண்டு முறை போய், எந்த மூலை, எந்தக் கை, பக்கத்தில் பெரியவர்கள் யார் இருப்பார்கள் என்று கேட்டுவிட்டு வந்தேன். மூன்றாவது முறையும் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். போனால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற யோசனையும் கூடவே ஓடுகிறது.

ஒன்பது வயதில் நானும் ஒரு கொடி பிடித்தேன். அதனால்தான்.

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். அப்பாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். அத்தைக்குப் பதினேழு வயது. தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டி டவுனில் இருந்த கன்னியர் மடத்துப் பள்ளிக்கு அவளும் நானும் ஒரே பஸ்ஸில் போவோம். அத்தைக்குப் படிப்பு சுமார்தான். ஆனால் ஓட்டத்தில் அவளை நெருங்க அந்தப் பள்ளியில் ஆள் கிடையாது. விளையாட்டு விழாவில் அவள் முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் மற்றவர்கள் கடைசி வளைவுக்கே வருவார்கள். அத்தை திரும்பி நின்று, அவர்கள் வந்து சேரும்வரை காத்திருப்பாள். அந்த நேரத்தில் அவளைப் பார்த்தால் ஜெயித்தவள் போல இருக்காது. பஸ் வரவில்லையே என்று நிற்பவள் போல இருக்கும்.

பள்ளியில் விளையாட்டைக் கவனித்துக்கொண்டவர் ஒரு வெள்ளைக்கார சிஸ்டர். மடத்தில் சேரும் முன் அவர் ஓட்டக்காரராக இருந்தவராம். பக்கத்து நாட்டுப் பெண்களோடு நடந்த ஒரு போட்டியில் தம் நாட்டுக்காக ஒரே ஒரு முறை ஓடியிருக்கிறார். அங்கே மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருவது கிடையாது. உழுத வயல், வேலி, வாய்க்கால், சேறு என்று எது குறுக்கே வந்தாலும் தாண்டி ஓட வேண்டும். கிராஸ் கன்ட்ரி என்று பெயர். அத்தை இதை வீட்டில் வந்து சொன்னபோது அம்மா, “அவுத்து விட்ட எருமைகூட வரப்பு மேலதானே போவும்” என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அந்த மாசி மாதத்தில், கொழும்பில் சிஸ்டரின் சபையே நடத்திய பள்ளியிலிருந்து ஆறு பெண்கள், ஓர் ஆசிரியையோடு, சென்னைக்குப் போகும் வழியில் திருச்சியில் இரண்டு நாள் தங்க வந்தார்கள். போட் மெயில் ரயிலில் வந்து இறங்கியவர்களைப் பார்த்ததும் சிஸ்டருக்குப் பழைய நினைப்பு வந்திருக்க வேண்டும். எங்கள் பள்ளியிலும் ஆறு பேரைப் பொறுக்கி எடுத்தார். கரும்பலகையில் ‘சர்வதேச மகளிர் கிராஸ் கன்ட்ரி ஓட்டப் போட்டி’ என்று பெரிதாக எழுதிப் போட்டார். நாடு இரண்டு, பெண்கள் பன்னிரண்டு, கப் ஒன்று.

அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்து, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டுதான் ஓட வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். “ஓடுறதெல்லாம் இந்த ஒரு தடவையோட சரி” என்றும் சேர்த்துக்கொண்டார். அத்தை தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று யாரும் கேட்கவில்லை.

காவிரியில் அப்போது தண்ணீர் இல்லை. அம்மா மண்டபம் படித்துறைக்கு எதிரே மணலில் ஓட்டம் தொடங்கும். மணலிலேயே மேற்கே போய், கரையேறி, மேலூர்ப் பக்கத்து வாழைத் தோட்டங்களுக்குள் நுழைந்து, திரும்பக் கிழக்கே வந்து, ஒரு முச்சந்தியில் காவிரிப் பக்கம் இறங்கி, புறப்பட்ட இடத்திலேயே முடியும். வழி நெடுகச் சுண்ணாம்புப் பொடி தூவியிருந்தார்கள். ஆனால் முச்சந்தியில், விடியற்காலையில் வாழைக்குப் பாய்ச்சிய தண்ணீர் வழிந்து, கோடு போன இடம் தெரியவில்லை. அதனால் அங்கே ஓர் ஆளை நிறுத்த வேண்டியதாயிற்று. சொன்னதைத் தட்டாமல் செய்யும் பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்ததால் சிஸ்டர் என்னைத் தேர்ந்தெடுத்தார்.

ஓடி வருபவர்களைப் பார்த்தபடி நான் நிற்க வேண்டும். என் இடது கைப் பக்கம் காவிரி. வலது கைப் பக்கம் போனால் கொள்ளிடம். சிஸ்டர் என் இடது கையில் சிவப்புக் கொடியைக் கொடுத்து, கையை நீட்டிக் காட்டி, “இந்தக் கை. அசையாதே” என்றார். மூன்று முறை சொல்ல வைத்துவிட்டுப் போனார்.

அம்மா காலையில் தலை பின்னிவிடும்போது சொல்லி அனுப்பியது வேறு. “வெளிநாட்டுப் புள்ளைங்க வருது. பீச்சாங்கையால எதையும் குடுக்கறது, காட்டுறதெல்லாம் வச்சுக்காத. என்ன வளப்புன்னு என்னையத்தான் கேப்பாங்க.”

அவர்கள் வரும்வரை எனக்கு நிறைய நேரம் இருந்தது. அவ்வளவு நேரம் இருந்திருக்கக் கூடாது. சிஸ்டர் சொன்னது இடது கை. அம்மா சொன்னது அந்தக் கை கூடாது என்று. இரண்டு பேரையும் மீறாமல் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றால் வலது கையே காவிரிப் பக்கம் நீளும். இரண்டு தரம் நின்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பிறகு, வீடு தேடி வந்தவர்களுக்கு முதுகைக் காட்டலாமா என்று சந்தேகம் வந்தது. திரும்பிக்கொண்டேன். மறுபடி திரும்பினேன். அந்தச் சமயத்தில் வாழை இலைகள் சலசலத்தன.

முதலில் வந்தவள் கொழும்புப் பெண்களில் ஒருத்தி. நெடுநெடுவென்று, முழங்கால் வரை சேறாக, நீல ரிப்பன் பறக்க வந்தாள். மரியாதையாக அவளைப் பார்த்து நின்றேன். கொடி எப்படியோ வலது கைக்கு வந்திருந்தது. அந்தக் கையை விறைப்பாக நீட்டினேன். அவள் ஒரு கணம்கூட நிதானிக்காமல் கொள்ளிடம் போகும் வழியில் திரும்பிவிட்டாள்.

பத்தடி பின்னால் அத்தை. என் முகத்தைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். முன்னால் போகும் நீல ரிப்பனைப் பார்த்தாள். அவளும் அதே வழியில் திரும்பினாள். அவளே திரும்பிய பிறகு, நான் காட்டியது சரிதான் என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது.

தோட்டத்தில் இலை அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். “பாப்பா, காவேரியில கப்பு குடுக்கப் போறாங்கன்னு சொன்னாங்க. இதுங்க ரெண்டும் கொள்ளிடத்துல துணி தொவைக்கவா ஓடுதுங்க?”

கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது பெண் மூச்சிரைக்க வந்தபோது, இரண்டு கைகளையும் காவிரிப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றேன். அந்த அம்மாளும் கத்தியை நீட்டி வழி காட்டினாள். மற்ற பத்துப் பேரும் சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள். அதுவரை எதிலும் நாலாவதுக்கு மேல் வராத எங்கள் பள்ளிப் பெண் ஒருத்தி முதலாவதாக வந்தாள். நம்ப முடியாமல் அழுதாள் என்று பிறகு சொன்னார்கள்.

நான் மணலுக்கு வந்து சேர்ந்தபோது, இரண்டு பேரைக் காணவில்லை என்று தெரிந்துவிட்டிருந்தது. கப் மேஜை மேல் கிடந்தது. அதைக் கொடுக்க யாருக்கும் கை வரவில்லை. சிஸ்டர் என் தோளைப் பிடித்து, எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டார். வடக்கே கையைக் காட்டினேன். யார் சொல்லிப் போனார்கள் என்பதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கொள்ளிடத்துக்குப் போனார். கொழும்பு ஆசிரியை ஜெபமாலையை உருட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, யாரிடம் வழி கேட்பாள், என்ன சொல்லிக் கேட்பாள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்களில் ஆள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும் என்று யாரோ சொன்னார். அதைக் கேட்டதும் வலது கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். அத்தை செத்துப் போயிருந்தால் அம்மா இனி எனக்கு மட்டும்தான் தலை பின்னுவாளா என்று யோசித்தேன். கொழும்புப் பெண்ணின் அம்மா கப்பலில் வந்து என்னைக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்றும் யோசித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெயில் ஏறி மணல் சுட ஆரம்பித்தது.

அப்பா வெறும் சைக்கிளோடு திரும்பி வந்தார்.

அவர் பின்னாலேயே, ஊருக்குள்ளிருந்து அம்மா மண்டபத்துக்கு வரும் சாலையில், கூச்சல் கேட்டது. தெருப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் சூழ, அவர்கள் இருவரும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே நனைந்து, காலெல்லாம் மணல் அப்பி, ஆளுக்கொரு வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தார்கள். ஆற்று மணலில் வெள்ளரி போட்டிருந்தவர்கள் கொடுத்தார்களாம். ஒருத்திக்கு மற்றவளின் பாஷை தெரியாது. ஆனாலும் ஒருத்தி தோளில் மற்றவள் இடித்து இடித்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா திட்டுவதற்காக வாயைத் திறந்து, திட்டாமல், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொழும்பு ஆசிரியை அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அவள் முதுகிலேயே இரண்டு அடியும் வைத்தார். அத்தை எல்லோருக்கும் பொதுவாக, “நாங்கதான் வழி தப்பிட்டோம்” என்றாள். ஆறு வயதிலிருந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவள் எப்படி வழி தப்பினாள் என்று அப்பா கேட்கவில்லை. திரும்பி வந்ததே போதும் என்று இருந்தது அவருக்கு.

சிஸ்டர் மட்டும் அவர்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருவரையும் பார்த்து இங்கிலீஷில் ஏதோ ஒரு சின்னக் கேள்வி கேட்டார். யார் முந்தி என்று கேட்டிருக்க வேண்டும். அத்தை கொழும்புப் பெண்ணைக் காட்டினாள். அதே நேரத்தில் அவள் அத்தையைக் காட்டினாள். இரண்டு பேரும் மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மணல் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். அத்தையின் பின்னலில் நீல ரிப்பன் இருந்தது. பள்ளியில் கொடுத்த பச்சை ரிப்பன் அந்தப் பெண்ணின் தலையில் இருந்தது. பச்சை ரிப்பனைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் பள்ளியில் நம்மைத்தான் கேட்பார்களே என்று எனக்குப் புதிதாக ஒரு கவலை பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் கிணற்றடியில் அத்தை கால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்று, காலையிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். தப்பான கையை நீட்டிவிட்டேன் என்றேன்.

“தெரியும்டி. பீச்சாங்கையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தியே, நான் பாக்கலையா?”

“அப்ப நீ ஏன் அத்தை அந்தப் பக்கம் ஓடினே? காவிரிப் பக்கம் திரும்பியிருந்தா நீதானே ஃபர்ஸ்ட்டு?”

அத்தை ஒரு சொம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றினாள். மணல் கரைந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ எனக்கு முன்னால ஓடிட்டிருந்தாடி” என்றாள்.

வழி தெரியாத பெண்ணைக் கூப்பிட்டு வரத்தான் பின்னால் போயிருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். அத்தை எவ்வளவு நல்லவள் என்று நினைத்தேன். அவள் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. யாரும் சாகவில்லை. ரிப்பனைக்கூட யாரும் கேட்கப் போவதில்லை என்று தோன்றியது. உள்ளே போய், வலது கையாலேயே, நிம்மதியாக இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

கூப்பிட்டு வரப் போனவள் முச்சந்தியிலேயே நின்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதுமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு முன்னால், அத்தைக்கு முன்னே ஓட ஒருத்தியும் இருந்ததில்லை என்பதும் தோன்றவில்லை.