ரைட் சொன்னால் இத்தாலி

நேற்று சூரமங்கலத்தில் புது டவுன் பஸ் ஒன்றில் ஏறினேன். கதவு தானாக மூடிக்கொண்டது. புஸ்ஸென்று ஒரு சத்தம், வண்டி கிளம்பிவிட்டது. கண்டக்டர் தம்பி வாயைத் திறக்கவே இல்லை. நான் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதற்கோ காத்து நின்றேன். இரண்டு ஸ்டாப் தாண்டிய பிறகுதான் புரிந்தது, நான் காத்திருந்தது ஒரு 'ரைட்'டுக்காக.

உங்களிடம் சொல்வதற்கென்ன, என் பிழைப்பே அந்தச் சொல்லில்தான் ஓடியது. சேலம் நாமக்கல் தடத்தில் தனியார் பஸ் கண்டக்டராக இருந்து தலை நரைத்தவன் நான். 'ரைட்' என்றால் வண்டி கிளம்பும், 'ஓல்டான்' என்றால் நிற்கும். அந்த ரைட்டுக்கு வலது பக்கம் என்றும் ஓர் அர்த்தம் இருப்பது எங்கள் பஸ்ஸில் யாருக்கும் நினைவுக்கு வராது. இத்தனை வருஷம் வண்டியிலேயே வாழ்ந்தும் ஸ்டியரிங்கைப் பிடிக்க நான் கற்றுக்கொள்ளவில்லை. "எங்க ஊட்டுக்காரரு வாயிலயே வண்டி ஓட்டறவருங்க" என்று என் மனைவி பிலோமினா, கோவிலில் பூசை முடிந்து நிற்கிற பெண்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

கையால் ஓட்டுகிறவள் அவள்தான். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். சரக்கு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்று, பேரன் எடுக்கும் வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கற்றுக்கொண்டாள். நன்றாகத்தான் ஓட்டினாள். ஒருநாள் ஆண்டகளூர் கேட் பக்கம் சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் அவள் காரில் இடித்து விழுந்தார். கால் எலும்பு முறிந்துவிட்டது. குணமானதும் அவரே கம்பை ஊன்றிக்கொண்டு அவள் தையல் கடைக்கு வந்தார். "நீ எதுக்கு சாமி மனசக் கொழப்பிக்கற? நாந்தான் எதுத்தாப்புல வந்த மாட்டப் பாத்தேன், வண்டியப் பாக்கல." பிலோமினா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள், பேத்திக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தாள், கார் சாவியை மட்டும் தொடவில்லை. அதற்குப் பிறகு ஆக்டிங் டிரைவர் ஒருவர் வந்து சரக்கை ஏற்றிக்கொண்டு போனார்.

அப்படி இருக்கும்போதுதான் ஜெர்மனியில் இருக்கும் மகள் ஜெசிந்தா எங்களை வரச் சொன்னாள். நாலு பேரும் ஒரே காரில் நாடு நாடாகப் போய்வரலாம் என்று மாப்பிள்ளை எல்லா ஊரிலும் ரூம் போட்டுவைத்திருந்தார். நாங்கள் போய் இறங்கிய வாரமே அவர் பந்து விளையாடப் போய்க் காலில் கட்டோடு திரும்பினார். மகளுக்கு ஓட்டத் தெரியாது, அந்த விஷயத்தில் அப்பனைக் கொண்டு பிறந்தவள்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. அம்மா ஓட்டட்டும்" என்றாள்.

"நானா? என்னடி பேசற?"

"உங்களுக்கு இன்டர்நேஷனல் பெர்மிட் எடுக்கச் சொன்னது பீரோவுல பூட்டி வெக்கறதுக்காம்மா?"

ஞாயிற்றுக்கிழமை அங்கே கடையெல்லாம் அடைத்துவிடுகிறார்கள். பூசைக்குப் போய்வந்து, காலியாகக் கிடந்த ஒரு பெரிய கடையின் முன்மைதானத்தில் அவளை ஓட்டச் சொன்னோம். மாப்பிள்ளை பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து பாடம் எடுத்தார். நன்றாகவே வந்தது. அவளுக்குத்தான் திருப்தியில்லை. "ஆளே இல்லாத எடத்துல ஓட்டுனா அது ஓட்டறதுல சேத்தியா?" ராத்திரிச் சாப்பாட்டின்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "போறேன். பாதியில முடியலைன்னா திரும்பிருவேன். அப்படித் திரும்பிட்டா, அதுக்கப்புறம் யாரும் எங்கையில சாவியக் குடுக்கக் கூடாது. நம்மூர்லயுந்தான்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

அந்த ஊர்க் காரில் ஸ்டியரிங் இடது பக்கம். தினமும் காலையில் அவள் பழக்கத்தில் வலதுபக்கக் கதவைத் திறப்பாள், நான் இடதுபக்கக் கதவைத் திறப்பேன். வண்டிக்கு மேலாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்பச் சுற்றிவருவோம். என் வேலை வலதுபக்கம் பார்த்துச் சொல்வது. ஒவ்வொரு சந்திப்பிலும் அவள் வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, போலாமுங்களா?" என்பாள். நான் கழுத்தை நீட்டிப் பார்த்து, "ரைட்" என்பேன். போவாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் இவ்வளவு கேட்டுக் கேட்டு நடந்துகொண்டதில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குஷிதான்.

முதல் நாள் ஆஸ்திரியாவில் ஒரு மலையடிவாரத்து விடுதியில் தங்கினோம். காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த வாசம் வந்ததும் நான் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். நெய் டின்னோடு ஏறும் வியாபாரி ஒருவர் அந்தக் காலத்தில் என் பஸ்ஸில் வருவார். டின்னுக்கு லக்கேஜ் டிக்கெட் போடட்டுமா என்றால், "ஏனுங்க கண்டக்டரு, வாசத்த நீங்களுந்தான் மோந்துட்டு வாரீங்க, அதுக்கு நான் ஏதாச்சும் கேட்டனா?" என்பார். பஸ்ஸே சிரிக்கும். பிலோமினாவிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் மேசைமேல் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எவ்வளவு தூரமுங்க?"

"கிட்டத்தான்" என்றேன். கிட்ட இல்லை.

காரின் ஜி.பி.எஸ்.ஸில் வழி சொல்லும் பெண் ஆங்கிலத்தில் விரட்டிக்கொண்டே இருந்ததால் பிலோமினா அவள் வாயை அடைத்துவைத்திருந்தாள். திரையில் வரும் படத்தைப் பார்த்துச் சொல்வதும் என் பொறுப்பு. அன்று மத்தியானம் நாங்கள் போக வேண்டியது ஸ்லோவேனியாவில் ஓர் ஏரிக்கரை. பெரிய சாலை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. நேரே போனால் ஸ்லோவேனியா. "ஏனுங்க, எப்படி?" என்றாள். இப்படியே போகட்டும் என்ற நினைப்பில், வண்டி நன்றாகப் போகிற சந்தோஷத்தில், "ரைட், ரைட்!" என்றேன்.

வலதுபக்கம் திரும்பிவிட்டாள்.

கொஞ்ச தூரத்தில் நட்சத்திர வட்டம் போட்ட நீலப் பலகை வந்தது. இத்தாலி என்று எழுதியிருந்தது. கேட்பாரில்லை, கேட்டுமில்லை. நம் பக்கத்துச் செக்போஸ்டில் தக்காளி வண்டியைக்கூட நிறுத்திப் பார்ப்பார்கள்.

"ரைட்டுன்னீங்களே!"

"ரைட்டுன்னா போன்னு அர்த்தம் புள்ள."

"அது உங்க நாமக்கல் பஸ்ஸுல!"

அடுத்து வந்த ஊரில் ஓரமாக நிறுத்தினாள். வாய்விட்டுச் சிரிப்பாள் என்று பார்த்தேன். நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டாள். "இதோட போதுமுங்க. நேராப் போறதுக்கே எனக்கு வழி தெரியல. ஊட்டுக்குத் திரும்பிரலாம்." அவள் போட்ட நிபந்தனை இரண்டு பேருக்கும் நினைவிருந்தது. படத்தில் மலையைத் தாண்டி ஒரு மெல்லிய கோடு ஸ்லோவேனியாவுக்குப் போனது. அதை மட்டும் விரலால் காட்டினேன். அவளும் அந்தக் கோட்டில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, மலைப் பக்கமாக வண்டியை எடுத்தாள்.

மலைச்சாலை. தூறல். ஒரு வளைவு திரும்பினால் முன்னால் சைக்கிள். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு கிழவர், அவசரமே இல்லாமல் மிதித்துக்கொண்டு போகிறார். பிலோமினா அவர் வேகத்துக்கு வண்டியைக் குறைத்துவிட்டாள். எதிரே சாலை வெறுமனே கிடந்தது, தாண்டிவிடலாம். அவள் தாண்டவில்லை. பின்னால் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. ஒருவரும் ஆரன் அடிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "போலாமுங்களா" என்று அவள் கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? எனக்குத் தெரிந்த ஒரே சொல்லும் இத்தாலியில் செத்துப்போயிருந்தது.

கிழவர் திரும்பிப் பார்த்தார். புல்தரையில் இறங்கி ஒரு காலை ஊன்றி நின்றார். இவளும் அவர் பக்கத்தில் நிறுத்தினாள். என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, எனக்குக் குறுக்காகச் சாய்ந்து, சுத்தமான நம்மூர்த் தமிழில் சொன்னாள்:

"நீங்க போங்க சாமி. நான் பின்னாலயே மெதுவா வாரேன்."

கிழவர் உள்ளே எட்டிப் பார்த்தார். சேலையையும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையையும் பார்த்தார். அவர் பாஷையில் என்னவோ சொன்னார், குரலில் கேலி இல்லை. பிறகு உள்ளங்கையால் வண்டியின் கதவில் இரண்டு தட்டுத் தட்டினார்.

உங்களுக்குத் தெரியும்தானே? கூட்டத்தில் சத்தம் எட்டாதபோது நாங்கள் பஸ்ஸின் பக்கவாட்டில் அப்படித்தான் தட்டுவோம். கிளம்பு என்று அர்த்தம்.

பிலோமினா கிளம்பிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், கிழவர் கையை உயர்த்தினார். வளைவு அவரை மறைத்தது. அடுத்த வளைவையும் அதற்கடுத்ததையும் அவளாகவே திருப்பினாள். பிறகு சொன்னாள்:

"ஏனுங்க, கண்ணத் தொடச்சு உடுங்க. கையெடுக்க முடியாது."

துண்டால் ஒரு கண்ணைத் துடைத்தேன். சாலை மறைக்காமல் குனிந்து இன்னொன்றையும் துடைத்தேன். ஏரி வந்தபோது வெயிலும் வந்திருந்தது.

அதற்குப் பிறகு வெனிஸைப் பார்த்தோம், ஸ்விட்சர்லாந்தில் விலையைப் பார்த்துவிட்டு இட்லி மாவுக்கு ஏங்கினோம். அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். எனக்கு நினைவிருப்பது, மகள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இவள் மாப்பிள்ளையிடம், "கால் சரியாகறதுக்கு இன்னும் நாளாகுமுங்களா?" என்று கொஞ்சம் ஆசையாகக் கேட்டதுதான்.

ஊருக்கு வந்ததும் ஆக்டிங் டிரைவர் நின்றுபோனார். முதலில் என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். நானும் சந்திப்பில் கழுத்தை நீட்டுவேன், அதற்குள் வண்டி தாண்டியிருக்கும். மெல்ல மெல்ல வீட்டில் தங்கிவிட்டேன். சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன்.

போன மாசம் கொல்லிமலைப் பள்ளிக்கூடத்துக்குத் தனியாகச் சரக்கு கொண்டுபோனாள். கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொண்டு நான் பகலெல்லாம் வீட்டு வாசலிலேயே நின்றேன். சாயங்காலம் வண்டி வந்தது. அவளுக்குப் பக்கத்தில், என் சீட்டில், ஒரு பெரிய பலாப்பழம். அதற்கு பெல்ட் போட்டிருந்தாள்.

"போடலைன்னா கீங்கீங்குன்னு கத்துதுங்க."

"அத்தன வளைவுலயும் யாரக் கேட்ட?"

"யாரக் கேக்கறது? பாத்தேன், போனேன்" என்றவள் சாவியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். பழத்தை நான்தான் இறக்கினேன். அந்த சீட்டில் பலா வாசம் இன்னும் போகவில்லை.