மாடத்தி நேர்ந்துகொள்ளாத நாள்

சுடலைமாடத்தி என்ற பெயரைக் கிரேசி முதன்முதலில் கேட்டது மாதா கோயில் வாசலில், எழுபத்துநாலாம் வருசம். கிரேசி அங்கே மெழுகுதிரி விற்றுக்கொண்டிருந்தாள். மொட்டைத்தலைப் பெண்பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு திரி வாங்க வந்தவளிடம் பெயர் கேட்டாள்.

"சுடலைமாடத்தி."

"சரியாப் போச்சு. சுடலையும் மாதாகிட்ட வந்துட்டாராக்கும்!"

கிரேசி சிரித்தாள். வந்தவள் சிரிக்கவில்லை.

தேரிக்காட்டு வெள்ளத்துரையின் மூத்த மகள் அவள். கொழும்புத் தோணியில் வேலை பார்த்த அய்யாக்குட்டிக்கு வாழ்க்கைப்பட்டுத் திரேஸ்புரம் வந்தவள். தோணி கடலில் இருக்கும் நாளெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது. காற்று கொஞ்சம் உரத்து அடித்தால் உடனே நேர்ச்சை. சுடலைக்குச் சேவல், மாதாவுக்குத் திரி, திருச்செந்தூருக்கு மகள் சந்தனமாரியின் முடி. தோணி கரை சேர்ந்ததும் நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. எந்தச் சாமிக்கு எதை மறந்தோமோ என்று அடுத்த பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரே வருசத்தில் இரண்டு மொட்டை. கூடப் படிக்கும் பிள்ளைகள் 'சுரைக்காய்' என்று கேலி செய்ததில் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அடுப்படியில் உட்கார்ந்துவிட்டது. கதையைக் கேட்டுக் கிரேசிக்கு மனசு பொறுக்கவில்லை.

"ஏளா, ஒரு நாளாவது எதையும் கேக்காம சாமிகிட்ட வந்திருக்கியா?"

"கேக்காம வந்து என்னக்கா செய்ய?"

"இன்னைக்கு நடந்த நல்லது ஒண்ணைச் சொல்லிட்டுப் போ. எங்கள்ள அதுக்குத் தோத்திரம்னு பேரு. திரியும் வேண்டாம், சேவலும் வேண்டாம். தெனமும் சொல்லணும்."

"ஒண்ணுமே நடக்கலைன்னா?"

"குழாயில தண்ணி வந்துச்சாளா?"

"வந்துச்சு. உப்பா வந்துச்சு."

"வந்துச்சுல்லா? அதைச் சொல்லு."

அன்றிலிருந்து மாடத்தி தினமும் சாயங்காலம் வந்து ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாள். முதலில் எல்லாம் குறையோடுதான் வந்தது. "சாளை மலிவு, ஆனா ஒரே முள்ளு." "மாமியா இன்னைக்கு ஏசலை, தொண்டை கட்டிக்கிச்சு." கிரேசிக்குச் சிரிப்பை அடக்க முடியாது. இரண்டு மாசத்தில் அந்த 'ஆனா' குறைந்தது. சோறு இறங்கியது. பயம் போய்விடவில்லை, வந்தாலும் கொஞ்ச நேரத்தில் எழுந்து போனது. முடி வளர்ந்ததும் பிள்ளையும் பள்ளிக்கூடம் திரும்பியது.

ஐப்பசியில் தோணி நாலு நாள் பிந்தியது. நடுக்கடலில் புயல் என்றார்கள். மாடத்தி மகளை இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடி வந்தாள். அவள் கை பிள்ளையின் தலைமேல் இருந்தது.

"எம்மா, வேண்டாம்மா," என்றது பிள்ளை.

கடலில் இருப்பது கிரேசியின் புருசன் இல்லையே, நேராதே என்று அவள் எப்படிச் சொல்ல?

மாடத்தி மாதாவின் முன்னால் போய் நின்றாள். "இன்னைக்கு எம் மவ பள்ளிக்கூடம் போயிட்டு வந்தா. அதுக்கு ஒனக்குத் தோத்திரம் தாயே," என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. தலைமேல் இருந்த கையை எடுத்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மூன்றாம் நாள், பாய் கிழிந்த தோணியோடு அய்யாக்குட்டி வந்து சேர்ந்தான். அவன் வராமல் போயிருந்தாலும் மாடத்தி பிள்ளையின் முடியைத் தொட்டிருக்கமாட்டாள் என்று கிரேசி எல்லாரிடமும் சொல்லுவாள்.

சுடலைமாடத்தி இப்போது மில்லர்புரத்தில், சந்தனமாரியின் வீட்டில் இருக்கிறாள்.