லாமிசி அக்காவும் ஒன்பதாம் பிரிவும்

களி கிளறும்போதுதான் லாமிசி அகுருகு ஒப்பந்தங்களைப் படிப்பார். தாள்களை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்து, ஆங்கிலத்தில் ஒரு வரி பார்ப்பார். பிறகு அதையே எங்கள் குருனே மொழியில், சந்தையில் எதிரே நிற்பவளுக்குச் சொல்வதைப் போல உரக்கச் சொல்வார். துடுப்பு சட்டியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். கை நின்றால் அந்தப் பிரிவில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். "இத நம்ம பாஷையில சொல்ல வரல தம்பி. சொல்ல வராததுக்கு நான் எப்படிக் கை தூக்குறது?"

களி அடிப்பிடித்த நாட்கள் உண்டு. நான் தலைநகர் அக்ராவில் அவருக்குக் கீழ்வீட்டில் குடியிருக்கிறேன். வானொலிக்கு நாடாளுமன்றச் செய்தி தருவது என் வேலை. மேலேயிருந்து தீய்ந்த வாசனை வந்தால், நாளைக்கு வெளியுறவுக் குழுவில் நமக்குச் செய்தி உண்டு என்று தெரிந்துகொள்வேன்.

வடக்கே எல்லையோரத் தொகுதியின் உறுப்பினர் அவர். அதற்கு முன் தக்காளி வியாபாரி. சோக்கோ எல்லை வாயிலைத் தாண்டி அக்கரை நாட்டுத் தோட்டங்களில் வாங்கி, லாரியில் பெட்டிகளின் மேலேயே உட்கார்ந்து தெற்கே வருவார். இப்போதும் நாற்காலியில் சாய மாட்டார். லாரி எப்போது குலுங்குமோ என்பதைப் போல நுனியில்தான் உட்காருவார். அவையில் கோகோ விவாதம் வந்தால் மட்டும் வெட்கமில்லாமல் தூங்குவார். "எங்க ஊர்ல கோகோ விளையாது. விளையுறப்ப எழுப்புங்க" என்பார்.

கட்சிக் கொறடா தெங்கனுக்கும் அவருக்கும் தினமும் வாய்ச்சண்டை. தெங்கன் தகாபா இனத்தவர். எங்கள் இனமும் அவர்கள் இனமும் எந்தக் காலத்திலோ சமைத்த ஒரு நாயின் தலை யாருக்கு என்பதை வைத்து, தலைமுறை தலைமுறையாக விளையாட்டாக ஏசிக்கொள்கிறவர்கள். அதில் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம்.

"வந்துட்டா பாரு, நாய்த்தலை திருடி."

"தலைய நாங்க எடுத்தா என்ன? உங்காளுங்களுக்கு வால விட்டு வச்சோம்ல, நன்றி கெட்டவனே!"

போன கோடையில் அக்கரையில் துப்பாக்கிக்காரர்கள் ஒரு காவல் சாவடியையும் பக்கத்துச் சாலையையும் தாக்கினார்கள். செத்தவர்களில் லாமிசி அக்காவின் தங்கை அசூமாவின் கணவரும் ஒருவர். லாரி ஓட்டி. சோக்கோ வாயில் மூடப்பட்டது. இரண்டு அரசுகளும் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் எழுதின. இந்த நாட்டுச் சிப்பாய் அந்த நாட்டுக்குள்ளும், அந்த நாட்டுச் சிப்பாய் இங்கும் துப்பாக்கிக்காரர்களைத் துரத்திக்கொண்டு நுழையலாம். தேவையான ஒப்பந்தம்தான். நாடாளுமன்றம் ஏற்றால் வாயில் திறக்கும் என்றார்கள். முதல் கை லாமிசியுடையதாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். பிணத்தைப் புதைத்துவிட்டு வந்தவர் அவர்.

துடுப்பு ஒன்பதாம் பிரிவில் நின்றது. வாயிலில் இருக்கும் படைத்தலைவர், யாருக்கும் அறிவிக்காமல், தேவைப்படும் காலம்வரை அதை மூடி வைக்கலாம்.

மறுநாள் குழுவில் சொன்னார்: "சிப்பாய் வரட்டும். வேணாம்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா? எங்க வீட்டுலயே ஒருத்தி புருஷன இழந்துட்டு உக்காந்திருக்கா. ஆனா தக்காளியும் வரணும்ல? சாத்துனா ஏன் சாத்துனாங்கன்னு யாரு கேக்கறது? அத எங்கயும் எழுதலியே."

அமைச்சக அதிகாரி பொறுமையாகவே விளக்கினார். "அம்மா, இங்க திருத்த முடியாது. ஏத்துக்கலாம், இல்ல மறுக்கலாம். ரெண்டே வழிதான்."

"மூணாவது ஒண்ணு இருக்கே. காத்திருக்கறது."

குழு சரிபாதியாகப் பிரிந்து நின்றது. அவர் ஒருவர் கை தூக்காததால் ஒப்பந்தம் தள்ளிப்போனது.

அன்று தாழ்வாரத்தில் தெங்கன் நாய்த்தலையைப் பற்றிப் பேசவில்லை. "மாண்புமிகு உறுப்பினரே, உங்க முடிவு கட்சிக்கு வருத்தம்" என்றார். அக்கா பிற்பாடு என்னிடம் சொன்னார்: "அவன் என்னய மரியாதையா கூப்புட்டான் தம்பி. ஏசாம விட்டான்னா கோவம் நெசந்தான்னு அர்த்தம்." அவர் வகித்த குழுவின் துணைத்தலைவர் பதவி அந்த வாரமே போனது.

அதைவிடப் பெரிய அடி ஊரில் காத்திருந்தது. ஒப்பந்தம் நின்றதால் வாயிலும் மூடியே கிடந்தது. அக்கரையில் நின்ற லாரிகளிலிருந்து தக்காளிச் சாறு ஒழுகியது. சோக்கோ சந்தைக்கு அவர் போனபோது நானும் உடன் இருந்தேன். பெண்கள் வளைத்துக்கொண்டார்கள். முன்னால் நின்றவள் அசூமா.

"அவரு செத்தாரு. இப்ப அவரு லாரியும் நின்னு நாறுது. ஒரு கையத் தூக்கியிருந்தா தொறந்திருப்பாங்கக்கா! உனக்கென்ன, அக்ராவுல மாசமானா சம்பளம்."

"இன்னிக்குத் தொறப்பாங்கடி. நாளைக்கு மறுபடி சாத்துனா?"

"நாளைக்குள்ளத நாளைக்குப் பாத்துக்கறோம். இன்னிக்குப் புள்ளைங்க என்னத்தத் திங்கும்?"

யாரோ எறிந்த தக்காளி அவர் தோளில் உடைந்து வழிந்தது. அவர் துடைக்கவில்லை. வசவெல்லாம் தீரும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் பேருந்து ஏறினார்.

அக்ரா திரும்பியதும் குழுத்தலைவரின் அறை வாசலை விட்டு நகரவில்லை. அக்கரை நாட்டு அவையின் குழுவை அழையுங்கள், அரசுகள் பேசியது போதும், நாமும் பேசுவோம் என்று ஒரே பிடிவாதம். அவர்களும் வந்தார்கள். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பிரெஞ்சு, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். வாயிலை மூடுவது ராணுவத்தின் வேலை, அவைக்கு அதில் என்ன என்று அந்தப் பக்கம் சொன்னது. பேச்சு அங்கேயே சிக்கிக்கொண்டது.

அப்போது எதிரே இருந்த பெண் உறுப்பினர், மருத்துவச்சியாக இருந்து அரசியலுக்கு வந்த மதாம் நிக்கியெமா, மேசையைப் பார்த்தபடி, எல்லைக்கு இரண்டு பக்கமும் பேசும் எங்கள் மொழியில் முணுமுணுத்தார்: "தக்காளி அழுகுறது உங்க ஊர்லயா, எங்க ஊர்லயா?"

லாமிசி அக்கா நிமிர்ந்தார். "வித்தது உன் ஆளு, வாங்குனது என் ஆளு. நாத்தம் ரெண்டு பேருக்குந்தான்."

மொழிபெயர்ப்பாளர் காதிலிருந்த கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வேர்க்கடலை உரிக்கத் தொடங்கினார். அக்காவே பேரத்தை ஆரம்பித்தார்.

"சாத்துறதுக்கு முந்துன நாளே ரேடியோவுல சொல்லணும்."

"துப்பாக்கி வெடிக்கறப்ப எவன்டி ரேடியோவத் தேடுவான்?"

"சரி, சாத்திட்டுச் சொல்லட்டும். ஆனா சொல்லணும். ஏத்துன லாரிய நடுரோட்டுல விடக் கூடாது, சிப்பாய் கூட்டிட்டு வந்து இந்தப் பக்கம் சேக்கணும்."

"சேக்கலாம். எந்நேரம்னு மட்டும் எழுதக் கூடாது. எழுதுனா துப்பாக்கிக்காரனும் படிப்பான்." இதைச் சொன்னவர் எங்கள் அமைச்சக அதிகாரி, அவருக்கும் அந்த மொழி கொஞ்சம் தெரிந்திருந்தது. அக்கா யோசித்துவிட்டு, "ஞாயந்தான்" என்று விட்டுக்கொடுத்தார்.

மூன்று நாளைத் தாண்டி மூடினால், காரணத்தை இரண்டு அவைகளின் குழுக்களுக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது கடைசி முடிச்சு. அக்கா இரவிலும் லாரி விடக் கேட்டார், கிடைக்கவில்லை. "பேரம்னா கொஞ்சம் விட்டுத்தான் ஆகணும்" என்றார். அதிகாரிகள் அத்தனையையும் தங்கள் நடையில் எழுதினார்கள். இரண்டு அரசுகளும் அதை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக ஏற்றுக் கையெழுத்திட்டன. அவை ஏற்றுக்கொண்ட அன்று தெங்கன் அவர் இருக்கையைக் கடந்து போகும்போது, "திருடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வாயில் திறந்தது. அசூமா வேறு ஓட்டுநரை வைத்து லாரியை ஓட்டுகிறாள். அக்காவோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தெற்கே வரும் பக்கத்து வீட்டுக்காரி கையில் தக்காளி மட்டும் கொடுத்தனுப்புகிறாள்.

மழை விட்டபின் முதல் அறிக்கை குழுவுக்கு வந்தது. அக்கரையில் மீண்டும் துப்பாக்கிச் சத்தம், வாயில் மூடல், சாலையில் நின்ற லாரிகள் படைக்காவலுடன் பத்திரமாகச் சேர்ப்பு, காவலுக்குப் போன சிப்பாய் ஒருவருக்குத் தொடையில் குண்டு. தலைவர் படித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போனார். லாமிசி அக்கா போகவில்லை. "அந்தப் பையன் எங்க கெடக்கான்?" என்று கேட்டார்.

வடக்கே போல்காவில், மருத்துவமனையில் கிடந்தான். பெயர் செலோம், கடற்கரை ஊர்க்காரன், அக்காவின் கடைசி மகன் வயதுதான் இருக்கும். கால் முழுக்கக் கட்டு. நாங்கள் உள்ளே போனபோது வானொலியில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா கொண்டுவந்த கோழிச்சாற்றை மேசையில் வைத்தார். பிறகு இடுப்பில் சுற்றிய துணியை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கள் பெண்கள் ஊர்த்தலைவர் முன்னால் மட்டும் செய்வதைப் போல, தரையில் குந்தினார். ஒரு கை நிலத்தில். பார்வை தாழ்ந்திருந்தது.

"வீட்டுல எல்லாரும் சொகமா?"

அவன் பதறிப்போனான். "அம்மா, என்ன இது? நீங்க போய்... எந்திரிங்க!" எழப் பார்த்தான், கால் விடவில்லை.

பக்கத்துக் கட்டில்காரர் தாழ்ந்த குரலில், "அவங்க எந்திரிக்க மாட்டாங்கப்பா. 'நா'ன்னு பதில் சொல்லு, ஏத்துக்கிட்டேன்னு அர்த்தம்" என்றார்.

"நா" என்றான் அவன்.

"ஒன்னப் பெத்தவ சொகமா?" என்றார் லாமிசி அக்கா, குந்தியபடியே.